ஏழு எழுத்து, பதினோரு சொல்

"ஊருக்கெல்லாம் பொத்தான் எண்ணிக் குடுக்கிறவ, சொந்தக் கோட்டுல ஒண்ணை மாத்திப் போட்டிருக்க," என்றார் கணவர், சாப்பாட்டு மேஜையிலிருந்து.

அவள் குனிந்து பார்த்தாள். கம்பெனியில் கொடுத்த சாம்பல் நிறக் கோட்டு. மேலிருந்து மூன்றாவது பொத்தான் நாலாவது காஜாவுக்குள் ஏறி உட்கார்ந்திருந்தது. எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து போட்டாள். ஒன்பது மணி பஸ்ஸுக்கு நாலே நிமிடம். அவர் முன்னால் கிடந்த துண்டுத்தாளை எடுத்தாள். ஒன்றன்கீழ் ஒன்றாக, பெரிய பெரிய எழுத்தில் ஆங்கிலச் சொற்கள். வாசிக்கவில்லை. விரலை மட்டும் ஓட்டிக்கொண்டு கீழே வந்தாள். பதினொன்று.

"பாஸா?"

"பாஸ்."

"அப்ப கிளம்பு. நின்னு என் மூஞ்சியைப் பாத்தா மார்க் கூடப்போறதில்ல."

தாளை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு அவள் படியிறங்கினாள். மடியில் கட்டியிருந்த நெருப்பு அன்றைக்கு அணைந்துவிட்ட மாதிரி இருந்தது. பதினொன்று நல்ல எண்.

இந்தப் பரீட்சை தொடங்கி ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன் ஒரு காலையில் அவர் தண்ணீர் கேட்க வாயைத் திறந்தார். அந்தச் சொல் வரவில்லை. "அது... அந்த ஈரமா இருக்குமே, அதைக் குடு," என்றார். அவள் சிரித்தாள். வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்தாள். அவர் கண்ணைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது. முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர், அந்தரத்தில் தொங்குகிற பெட்டிக்குள் உட்கார்ந்து விசிலடித்தபடி ஸ்குரூ திருகுகிறவர். அந்தக் கண்ணில் அவள் பயத்தைப் பார்த்ததே இல்லை. பத்து நிமிடத்தில் எல்லாச் சொல்லும் திரும்பி வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்: மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் சின்ன அடைப்பு, தானாகவே விலகிவிட்டது. "ஆனா இது எச்சரிக்கை. அடுத்தது இப்படி விலகணும்னு இல்ல. பேச்சு குழறினா, சொல் வரலைன்னா, நாலரை மணி நேரத்துக்குள்ள தூக்கிட்டு வந்துடுங்க. அதுக்குள்ள வந்தா ஊசி இருக்கு. தாண்டிட்டா ஊசி இல்ல."

நாலரை மணி நேரம். அந்தக் கணக்கு அவள் தலையில் ஆணியாக இறங்கியது. அடைப்பு வருவது யாருக்கும் தெரியாது. அது வந்த நேரமும் தெரியாமல் போய்விட்டால்? தினமும் சொற்களைக் கொண்டு ஏதாவது பயிற்சி செய்யச் சொல்லுங்கள் என்று அங்கேயே ஒரு அம்மாள் சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரி வாசல் கடையில் அதற்கென்று கிடைத்தது ஒரே புத்தகம், அதுவும் ஆங்கிலத்தில். ஒரு தாளுக்கு ஏழு எழுத்து. அந்த ஏழை மட்டும் மாற்றிக் கோத்து எத்தனை சொல் அமைக்கலாம் என்று தேட வேண்டும். தாளின் பின்பக்கம் கிறுக்கிப் பார்க்க வெறுமையாக விட்டிருந்தார்கள். விடைகள் எல்லாம் கடைசியில்.

"தமிழ்ல இப்படி ஒண்ணு இல்லையாமா?" என்று அவரிடம் கேட்டாள்.

"தமிழ்ல எழுத்தைப் பிரிச்சா உயிர் ஒரு பக்கம், மெய் ஒரு பக்கம் போயிடும். இப்ப இருக்கிற நிலைமையில எனக்கு அது வேண்டாம்."

விடைத்தாள்களை அவள் கிழித்து, அலமாரியில் விரித்திருந்த செய்தித்தாளுக்கு அடியில் செருகி வைத்தாள். தினமும் காலையில் அவர் சவரம் முடித்து வருவதற்குள் அடுத்த தாளைப் புரட்டி, ஏழு எழுத்தைப் பென்சிலால் ஒரு துண்டுத்தாளின் தலைப்பில் எழுதி வைப்பாள். அவர் உட்கார்ந்து எழுதுவார். ஒன்பது சொல்லுக்குக் குறையாமல் வந்தால் அவள் வேலைக்குப் போவாள். இதுதான் ஏற்பாடு.

முதல் வாரத்தில் ஒரு நாள் அவருக்கு நாலு சொல்தான் கிடைத்தது. அவர் செருப்பு மாட்டக்கூட விடாமல் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். சாயங்காலம் வரை எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, அங்கிருந்த இளம் டாக்டரம்மா சிரித்தாள்: "எனக்கே நாலுதாங்க வரும்." அதன் பிறகும் அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அந்த வாரம் முடியும்வரை வேலைக்குப் போகவில்லை. உட்கார்ந்தபடியே கண்ணயர்வாள், ஒரு கையை அவர் முதுகில் வைத்துக்கொண்டு, மூச்சு ஏறி இறங்குகிறதா என்று. அவர் ஸ்பூனைக் கீழே போட்டால் ஓடி வருவாள். தும்மினால் பெயரைச் சொல்லச் சொல்வாள்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்ங்கிறது உனக்குத்தான் பொருந்தும்," என்றார் அவர். "இப்படியே என்னை முறைச்சுக்கிட்டு இருந்தா, வராததும் வந்துடும்."

எட்டாம் தாளிலிருந்து அவருக்கு ஒன்பதுக்குக் குறைந்ததே இல்லை. பத்து, பன்னிரண்டு, ஒரு தரம் பதினாலு. அதுவும் கண்ணாடிகூடப் போடாமல் கடகடவென்று எழுதினார். கண்ணாடிக் கூடு மேஜையில் தொடாமலே கிடக்கும். அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சவரத்துக்குத்தான் நேரம் எடுத்துக்கொண்டார்.

"ஒரு தாடைக்கு அரை மணி நேரமா? அதுக்குள்ள ஒரு லிஃப்டே மாட்டிடலாம்," என்று குளியலறைக் கதவைத் தட்டுவாள்.

"லிஃப்டுக்கு ரெண்டு கன்னம் கிடையாதே," என்று உள்ளிருந்து பதில் வரும்.

அவள் வேலை பொத்தான் தொழிற்சாலையில், எண்ணிக்கைப் பிரிவில். அங்கே யாரும் பொத்தானைக் கையால் எண்ணுவதில்லை. பத்தை எடுத்துத் தராசில் போட்டு, அந்த எடையைத் தராசுக்குச் சொல்லிவிட்டால் போதும். பிறகு குவியலாகக் கொட்டினால் எத்தனை என்று அதுவே காட்டும். உடைந்தது கிடந்தாலும் நிறம் மாறியது கிடந்தாலும் எண்ணிக்கை எண்ணிக்கைதான். இருபத்திரண்டு வருடமாகப் பொத்தானின் முகத்தைப் பார்க்காமலே எண்ணிப் பழகியவள் அவள்.

அன்றைக்கும் பன்னிரண்டரை வரை எண்ணிவிட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு வந்தாள். மாதாமாதம் டாக்டரிடம் காட்டுவதற்காகக் குட்டி டைரி ஒன்று வைத்திருந்தாள். தேதிக்கு நேரே பதினொன்று என்று எழுதத் துண்டுத்தாளை வெளியே எடுத்தாள்.

எதிரே பக்கத்து மெஷின்காரி. எட்டிப் பார்க்காமல் அவளுக்குச் சோறு இறங்காது.

"என்னக்கா, உங்க வீட்டுக்காரர் பரீட்சைப் பேப்பரா? இன்னைக்கு என்ன எழுத்து? பி, ஓ, எல், ஐ, சி, ஈ, எம். அட, அப்படியே போலீஸ்னு வரிசையா நிக்குதே."

"எழுதியிருப்பார்."

"எங்க? காணோமே."

அப்போதுதான் அவள் வாசித்தாள். முதல் சொல் கிரெய்ன். தானியம். அதில் ஜி வருகிறது, ஆர் வருகிறது. தலைப்பில் ஜி இல்லை, ஆர் இல்லை. அடுத்தது ரேஞ்ச். அதற்கும் இல்லை. ஆங்கர். ரெயின். ரிங். சைன். கெய்ன். ஏர். இயர். ஏஜ். சீ. பதினொன்றும் நல்ல சொற்கள், பதினொன்றும் பிழையில்லாமல். ஆனால் கொடுத்த ஏழு எழுத்தில் ஒன்றுகூட அடங்கவில்லை. ஒரு குழந்தைக்கும் தெரிகிற போலீஸ் அவருக்குத் தெரியவில்லை. தன் முன்னால் எந்த எழுத்து இருக்கிறது என்பதே தெரியாமல் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அவள் விரலை ஓட்டி எண்ணிவிட்டுப் பாஸ் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

வீட்டுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் போட்டாள். மூன்றாவது தரம், கீழ்வீட்டுத் தையல்காரருக்குப் போட்டாள். மாற்றுச் சாவி அவரிடம்தான் இருந்தது.

"அண்ணே, கொஞ்சம் மேல போய்ப் பாருங்க. எங்க வீட்டுக்காரர் போன் எடுக்கல."

"தூங்குவாரும்மா."

"போய்ப் பாருங்கண்ணே. போனை வைக்காம போங்க."

தையல் மெஷின் நிற்கிற சத்தம் கேட்டது. படியேறுகிற செருப்பு. கதவைத் தட்டுகிற சத்தம், பிறகு சாவி. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. அந்த இடைவெளியில் அவள் மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். மெஷின்காரி சாப்பாட்டை மூடிவிட்டாள்.

"அம்மா," என்றார் தையல்காரர். குரல் மாறியிருந்தது. "நீங்க இங்க வராதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க. உயிர் இருக்கு. கண்ணு முழிச்சுத்தான் இருக்கார். பாத்ரூம் வாசல்ல விழுந்து கிடக்கார். பேச்சுத்தான் இல்ல."

தொழிற்சாலை வாசலிலிருந்து ஆஸ்பத்திரிவரை அவள் எப்படிப் போனாள் என்று பிறகு நினைவில்லை. வண்டிக்காரனிடம் மணி கேட்டுக்கொண்டே இருந்தது மட்டும் நினைவிருக்கிறது. "இப்பத்தானம்மா சொன்னேன்," என்றான் அவன். ஒன்பதிலிருந்து நாலரை மணி நேரம் என்றால் ஒன்றரை. விரல் விட்டு எண்ணினாள். ஒன்று பத்துக்கு உள்ளே ஓடினாள்.

அவர் தள்ளுகட்டிலில் கிடந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, வலது கை பக்கத்தில் போட்டுவைத்த மாதிரி கிடந்தது. கண் மட்டும் அவளைப் பார்த்ததும் நகர்ந்தது. அதே இளம் டாக்டரம்மா. இந்தத் தரம் சிரிப்பு இல்லை.

"கடைசியா எப்ப நல்லா இருந்தார்?"

"ஒம்பது மணிக்கு..." என்று தொடங்கிவிட்டு அவள் நிறுத்தினாள்.

"ஒம்பதுக்கு நல்லா இருந்தாரா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இதை வச்சுத்தான் ஊசி போடறதா வேண்டாமான்னு முடிவு. ஒம்பது மணின்னா இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. அதுக்கு முன்னாடியே தொடங்கியிருந்தா, எப்ப தொடங்குச்சுன்னே தெரியாது. ராத்திரி தூக்கத்துலயே வந்திருக்கலாம். அப்ப போட்டா தலைக்குள்ள ரத்தம் கசியும். நாமளே கொன்ன மாதிரி ஆயிடும்."

"பேசினார். என் கோட்டுல பொத்தான் மாறியிருக்குன்னு சொன்னார்."

"மாறியிருந்துச்சா?"

"மாறித்தான் இருந்துச்சு."

"குழறாம சொன்னாரா?"

"குழறல."

"அப்ப ஒம்பதுன்னு எழுதிக்கலாமா?"

கைப்பையில் அந்தத் தாள் இருந்தது. ஆம் என்று ஒரு வார்த்தை சொன்னால் ஊசி போட்டுவிடுவார்கள். ஆனால் அந்த ஊசியே அவரைக் கொன்றால்? தனக்குத் தெரிந்ததை மறைத்து, அதனால் அவர் தலைக்குள் ரத்தம் கசிந்தால்? தாளை எடுத்து நீட்டினாள். ஏற்பாட்டையும், எழுத்தையும், சொற்களையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

டாக்டரம்மா தாளை மேலும் கீழும் பார்த்தாள். "ஒண்ணுகூட இதுல இல்லையே," என்றாள் மெதுவாக.

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவருடைய இடது கை போர்வையை விட்டு ஒரு சாண் எழும்பி, காற்றில் அசைந்து, விழுந்தது. மறுபடியும் எழும்பியது. தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்தாள். "இருங்க, இருங்க," என்று அந்தக் கையைப் பிடித்து அடக்கினாள். அவர் கண் அவளையும் டாக்டரம்மா கையிலிருந்த தாளையும் மாறி மாறிப் பார்த்தது.

பெரிய டாக்டர் வந்தார். இருவரும் திரைக்கு அந்தப்பக்கம் நின்று பேசினார்கள். பெரியவர் வெளியே வந்து, "நேரம் நிச்சயமா தெரியல. போடாம இருக்கிறதுதான் உத்தமம்," என்றார். சுவர்க் கடிகாரத்தில் ஒன்று இருபத்தைந்து. பிறகு ஒன்றரை. அதற்குப் பிறகு அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் காலை ஆறே முக்காலுக்கு அவர் போனார். இடையில் ஒரு சொல்லும் இல்லை.

அவர் தங்கை வந்திருந்தாள். எல்லாம் முடிந்து வீடு காலியான பிறகு, கைகால் சும்மா இருக்க மாட்டாதவள், மேஜையை ஒழுங்குபடுத்தினாள்.

"அண்ணி, அண்ணன் கண்ணாடிக் கூடு மூட மாட்டேங்குது. உள்ள என்னவோ திணிச்சு வச்சிருக்கு."

வாங்கித் திறந்தாள். கண்ணாடிக்கு அடியில் ரப்பர் போட்ட ஒரு கத்தைத் துண்டுத்தாள். அவருடைய பெரிய எழுத்து. ஒவ்வொன்றின் தலையிலும் புத்தகத்தின் தாள் எண், கீழே சொற்கள். எட்டிலிருந்து தொடங்கியது. நாற்பதுவரை மூலையில் டிக். அலமாரிக்குப் போய்ச் செய்தித்தாளைத் தூக்கிப் பார்த்தாள். விடைத்தாள்கள் இருந்தன, ஆனால் அவள் வைத்த மாதிரி இல்லை, இரண்டாக மடித்து.

அரை மணி நேரச் சவரம் எதற்கென்று அப்போது தெரிந்தது. அவள் நிம்மதியாக வேலைக்குப் போகட்டும் என்று, ஒவ்வொரு காலையும் சவரக் கண்ணாடி முன்னால் நின்று அன்றைய சொற்களை மனப்பாடம் பண்ணியிருக்கிறார். அவள் எதிரே கூட்டைத் திறந்தால் குட்டு உடைந்துவிடும். அதனால்தான் கண்ணாடி போடாமல் எழுதினார். கண்ணாடி இல்லாமல் அவள் பென்சில் எழுத்து அவருக்குப் புழு ஊர்கிற மாதிரிதான் தெரியும். அவருக்கு அதைப் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

நாற்பத்தொன்று என்று போட்ட துண்டை எடுத்தாள். கிரெய்ன், ரேஞ்ச், ஆங்கர், ரெயின். பதினொன்று. அதே வரிசை.

புத்தகத்தைத் திறந்தாள். அவர் விழுவதற்கு முந்தின நாள் மாலை காப்பி கொட்டியதில் ஓரமெல்லாம் முறுகியிருந்தது. நாற்பதாம் தாளும் நாற்பத்தொன்றாம் தாளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அவசரத்தில் இரண்டையும் சேர்த்துப் புரட்டிவிட்டு நாற்பத்திரண்டின் எழுத்தை எடுத்து எழுதியிருக்கிறாள். அவர் படித்துவைத்த பாடத்தை ஒப்பித்திருக்கிறார்.

ஒன்பது மணிக்கு அவர் நல்லபடியாக இருந்திருக்கலாம். பொத்தானைப் பார்த்துக் கேலி பண்ணிய அதே தெளிவோடு, ஊசிக்கு நேரம் இருக்கிற மனிதராக இருந்திருக்கலாம். அல்லது அப்போதே உள்ளே ஏதோ தொடங்கி, மனப்பாடம் மட்டும் தடையில்லாமல் வெளியே வந்திருக்கலாம். அந்த ஒன்றரை மாதத்தில் எந்த நாளின் எண்ணிக்கை அவருடையது, எந்த நாள் அவருக்குள் எது குறைந்துகொண்டிருந்தது? டைரி முழுக்க அவள் எழுதிவைத்த எண்கள் எதுவும் இதற்குப் பதில் சொல்லவில்லை. கட்டிலில் அந்தக் கை எழும்பி எழும்பி விழுந்தது எதற்காக? அந்தத் தாளைப் பற்றிச் சொல்லத்தானா?

தையல்காரரிடம் போய்க் கேட்டாள். ஒன்பதுக்கு அப்புறம் மேலே ஏதாவது சத்தம் கேட்டதா, நடந்தாரா, விசிலடித்தாரா?

"மெஷின் ஓடிக்கிட்டே இருந்துச்சும்மா," என்றார் அவர். கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "அவசர வேலை. ஒண்ணும் காதுல விழல."

மேலே வந்தபோது நாத்தனார் கேட்டாள்: "என்ன அண்ணி அந்தத் துண்டுத்தாளெல்லாம்?"

"புத்தகத்துல இருந்து எழுதி வச்சது."

"அண்ணன் இங்கிலீஷ் படிச்சானா? பள்ளிக்கூடத்துல கழுதை மேய்ப்பானே."

"படிச்சார்," என்றாள் அவள்.

கத்தையில் அடுத்த நாட்களுக்கென்று இன்னும் இரண்டு துண்டு மிச்சம் இருந்தது, டிக் போடாமல். நாற்பத்திரண்டில் முதல் சொல் போலீஸ். அதற்குமேல் அவள் வாசிக்கவில்லை. ரப்பரைத் திரும்பப் போட்டாள். கண்ணாடியை வைத்துக் கூட்டை அழுத்தினாள், மூடவில்லை. அப்படியே வைத்தாள்.

இரவில் இன்னமும் விழிப்பு வருகிறது. கை தானாகப் பக்கத்தில் போய் மூச்சைத் தேடுகிறது. பயப்படுவதற்கு இனி யாரும் இல்லை என்பது கைக்குத் தெரியவில்லை. சில நாள் அந்த டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்லிவிடலாமா என்று தோன்றும். அவள் என்ன சொல்வாள்? ஒன்பது என்றே எழுதியிருக்கலாம் என்பாள், அல்லது போடாததுதான் சரி என்பாள். இரண்டில் எதைக் கேட்க அதிகம் பயம் என்று அவளுக்கே தெரியவில்லை. ஆஸ்பத்திரி இருக்கிற தெருவை விட்டுச் சுற்றிக்கொண்டு போகிறாள்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று நாத்தனார் சமையலறையிலிருந்து கூப்பிட்டாள். புடவை முன்பக்கமெல்லாம் தண்ணீர்.

"என்ன அண்ணி இந்தக் குழாய்? மூட மூடத் திறக்குது."

"இடது பக்கம் திருப்பு."

"எல்லா ஊர்லயும் வலது பக்கம்தானே?"

"உங்க அண்ணன் மாட்டினது."

நாத்தனார் திருப்பினாள். தண்ணீர் நின்றது. அந்தக் குழாய் இன்றைக்கும் இடது பக்கம் திருப்பினால்தான் மூடுகிறது.